வெள்ளிக்கிழமைக் குவியலும் சனிக்கிழமை இரவும்: டிஸ்கோ, ஹவுஸ் புது வெளியீடுகளைத் தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

2015 ஜூலை 10 முதல் உலகெங்கும் புது இசை வெளியாகும் நாள் வெள்ளிக்கிழமை. கிளப்பில் இசைக்கும் டிஜேக்குப் பெரும்பாலும் மறுநாள் இரவே வேலை. இடைப்பட்ட அந்த ஒரு நாளில், டிஸ்கோ, ஹவுஸ் என்ற இரண்டு நடன இசைப் பிரிவுகளில் மட்டும் வந்து குவிவதைக் கேட்டு முடிக்க யாராலும் ஆகாது. புதியது எங்கே கிடைக்கும் என்று அலைந்த காலம் போய்விட்டது. வந்து விழுவதில் பெரும்பகுதியை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு நியாயமாக ஒதுக்குவது என்பதே இப்போது வேலை.

பீட் மேட்சிங் (இரண்டு டிராக்குகளின் தாளத்தை ஒன்றாக ஓடவைப்பது) ஓரளவு கைவந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழே வரும் படிகளை ஒழுங்காகச் செய்தால் வாரத்துக்கு நாலைந்து டிராக்குகள் மிஞ்சும். குறைவாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு மணி நேரம் இசைக்கும் ஒருவர், டிராக்குக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால், மொத்தமே 24 டிராக்குகள்தான் போடுகிறார். அவற்றில் ஐந்து புதியவை என்றாலே ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடுகிறது. தெரியாத பாட்டை அதற்கு மேல் எந்தக் கூட்டமும் பொறுத்துக்கொள்வதில்லை.

படி 1: கேட்பதற்கு முன் நேரத்தை எழுதுங்கள்

கடையின் பக்கத்தைத் திறக்கும் முன், அடுத்து இசைக்கப்போகும் இரவைத் தாளில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு ஏறுகிறீர்கள், உங்களுக்கு முன் யார், பின் யார், கூட்டம் எப்போது நிறையும், எத்தனை மணிக்கு விளக்குப் போடுவார்கள். இந்த டிராக் நல்லதா என்று கேட்டால் விடை இழுத்துக்கொண்டே போகும். எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், உடனே வரும்.

எனக்கு மூன்று பெட்டிகள் போதும். தொடக்க நேரத்துக்கு 110 முதல் 118 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை பீட்) வரை. குரல் குறைவாக, பாஸ் கிட்டார் நிதானமாக உருளுகிற, பேச்சுக்கு இடம் விடுகிற டிராக்குகள். உச்ச நேரத்துக்கு 120 முதல் 126 வரை. கிக் (கால் டிரம்மின் அடி) கனமாக, ஹை-ஹேட் (ஜோடித் தாளத்தட்டு) முன்னால் வந்து நிற்பவை. மூன்றாவது, கடைசி ஒரு மணி நேரம். இதை வேகத்தால் அளக்க முடியாது. முழுப்பாடலாக இருக்கும், வயலின் கூட்டமும் கோரஸும் இருக்கும், ஆடியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கும்படி இருக்கும். டிஸ்கோ தன் உண்மையான பலத்தைக் காட்டுவது இங்கேதான்.

'என்றைக்காவது உதவும்' என்று நான்காவது பெட்டி ஒன்று வைக்காதீர்கள். அதில் விழுந்தது மீண்டு வந்ததில்லை.

படி 2: இதில் எது புதிது என்று கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். டெக்னோவில் புது வெளியீடு என்றால் அநேகமாகப் புதிதாகச் செய்யப்பட்ட இசை. டிஸ்கோவில் அப்படியில்லை. 'புது வெளியீடு' என்ற பட்டியலில் நிற்பது 1978-இல் பதிவான ஒலிநாடாவாகவே இருக்கலாம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

இந்தக் குழப்பம் நேற்று வந்ததல்ல. டிஸ்கோவே நீட்டித்தல், வெட்டி ஒட்டல் ஆகியவற்றில் வளர்ந்த இசை. எழுபதுகளின் நடுவில் டாம் மோல்ட்டன் நியூயார்க்கில் மூன்று நிமிடப் பாட்டுகளை ஆடுவதற்கேற்ப நீட்டிக் கொடுத்தார். 1976-இல் சால்சோல் லேபிள், வால்டர் கிப்பன்ஸ் என்ற டிஜே நீட்டிய பதிப்பைப் பன்னிரண்டு அங்குல சிங்கிளாகக் கடைக்கு அனுப்பியது. பொதுமக்கள் வாங்கும்படி விற்பனைக்கு வந்த முதல் பன்னிரண்டு அங்குல சிங்கிள் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1979 ஜூலையில் சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவைத்து நொறுக்கிய கூத்துக்குப் பிறகு பெரிய லேபிள்கள் டிஸ்கோவைக் கைவிட்டன. அதே நகரத்தில் வேர்ஹவுஸ் கிளப்பில் ஃபிராங்கி நக்கிள்ஸும் மியூசிக் பாக்ஸில் ரான் ஹார்டியும் பழைய பாட்டுகளை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டி, டிரம் மெஷின் சேர்த்து இழுத்துக்கொண்டே போனார்கள். வேர்ஹவுஸின் பெயர்தான் ஹவுஸ் ஆனது. ஆக, எடிட் என்பது இந்த இசைக்கு ஓரத்தில் ஒட்டிக்கொண்ட சங்கதி அல்ல. ஹவுஸ் பிறந்ததே அதில்.

இன்று உங்கள் முன் வரும் 'புது' டிராக் கீழ்க்கண்டவற்றில் ஒன்றாக இருக்கும்.

முழுக்கப் புதிதாக எழுதி வாசித்த டிராக். டிஸ்கோவில் இது அரிது, செலவும் அதிகம்: பாஸ், டிரம்ஸ், பித்தளை ஊதுகருவிகள், நரம்பிசை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். நல்லதாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

மறுவெளியீடு. பழைய பதிவை மாஸ்டர் நாடாவிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து மீண்டும் விற்பது. இதன் மதிப்பு முழுதும் ஒலித்தரத்தில் இருக்கிறது. நாடாவிலிருந்து எடுத்தார்களா, கீறல் விழுந்த தட்டிலிருந்தா என்பதைப் பாட்டின் அமைதியான தொடக்கத்திலேயே கேட்டுவிடலாம்; தட்டென்றால் அடியில் மெல்லிய பொரிபொரிப்பும், பாஸுக்குக் கீழே ஒரு மந்தமான உறுமலும் இருக்கும்.

எடிட். மூலப் பாட்டின் இரண்டு சேனல் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு வெட்டி, நீட்டி, சில சமயம் கிக் சேர்த்துத் தருவது. ரீமிக்ஸ் என்றால் தனித்தனி வாத்தியப் பதிவுகள் கையில் இருந்திருக்க வேண்டும். எடிட்டுக்கு அது தேவையில்லை. மேலே சொன்னவர்கள் செய்ததைப் போலவே நுட்பமான எடிட்டுகள் இன்றும் வருகின்றன. சோம்பேறி எடிட்டுகள் அதைவிட மிக அதிகமாக வருகின்றன.

கடைசியாக மறுவாசிப்பு. பழைய பாட்டின் ஒரு துண்டை ஸ்டூடியோவில் அச்சு அசலாகத் திரும்ப வாசித்துப் பயன்படுத்துவது. காரணம் சட்டம்: ஒரு பாட்டில் பதிவுக்கு ஓர் உரிமை, பாடல் இயற்றலுக்கு இன்னோர் உரிமை. திரும்ப வாசித்தால் முதல் உரிமைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை, இரண்டாவதற்கு மட்டும் போதும். இன்றைய ஹவுஸில் காதுக்குப் பழகிய டிஸ்கோ துண்டு ஒன்று சற்று வழவழப்பாக, தூசியே இல்லாமல் கேட்டால், அநேகமாக இதுதான்.

இனம் கண்ட பின் செய்ய வேண்டியது எளிது. எடிட் என்றால் டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டுத் தகவல் தளத்தில் மூலப் பாட்டைத் தேடிப் பிடித்து முழுதாகக் கேளுங்கள். எடிட் செய்தவர் என்ன சேர்த்தார், எதை எடுத்தார்? நான்கு பார் (பாருக்கு நான்கு பீட்) துண்டை லூப் போட்டு, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அடியில் ஒரு கிக் வைத்ததுதான் வேலை என்றால், மூலத்தை வாங்கிவிட்டு டெக்கில் நீங்களே லூப் போடலாம். மூலத்தில் ஆடவிடாமல் நடுவே நுழையும் மெதுவான பகுதியை நீக்கியிருக்கிறார், இரண்டே முறை வரும் அருமையான பிரேக்கை (பல வாத்தியங்கள் விலகி நிற்கும் பகுதி) நான்கு முறையாக்கியிருக்கிறார், டிரம்மரின் தடுமாற்றத்தைச் சீராக்கியிருக்கிறார் என்றால் அது காசு பெறும் உழைப்பு.

உரிமை பெறாத எடிட்டுகள் கடைகளிலிருந்து திடீரென மறையும். அவற்றை வைத்து நீங்கள் பதிவேற்றும் மிக்ஸும் தடைபடலாம். கிளப்பில் போடுவதற்கு இது பெரிய தடையாக இருப்பதில்லை, ஆனால் உங்கள் அடையாளமாக வெளியே அனுப்பும் பதிவில் சேர்க்கும் முன் யோசியுங்கள்.

படி 3: கடையைவிட லேபிளைப் பின்தொடருங்கள்

பெரிய இணையக் கடைகள் உங்களுக்குத் தெரிந்தவையே. டிராக்ஸ்சோர்ஸ் ஹவுஸுக்கும் சோல் கலந்த இசைக்கும் சாய்ந்தது; அங்கே ஆசிரியர் குழு தேர்வுகள் ஓரளவு நம்பகமானவை. பீட்போர்ட் அகலமானது. பேண்ட்கேம்ப்பில் சிறிய லேபிள்கள் நேரடியாக விற்கின்றன. டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் பொதுவாக 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாட்களில் அதையும் விட்டுக்கொடுக்கிறது. ஒரு லேபிளை உண்மையாகவே பிடித்திருந்தால் அந்த நாளுக்காகக் காத்திருந்து வாங்குவதில் அர்த்தம் உண்டு.

ஆனால் கடையின் முதல் பக்கம் வழியாக உள்ளே போகாதீர்கள். முதல் நூறு பட்டியலைப் பார்த்து வாங்கினால், உங்களுக்கு முன்பு இசைப்பவரும் அதையே பார்த்து வாங்கியிருப்பார். நீங்கள் ஏறும்போது அது ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கும். லேபிள்களைப் பின்தொடருங்கள். லண்டனின் டிஃபெக்டட் 1999 முதல் இயங்குகிறது, அதன் டிஸ்கோ முகம் கிளிட்டர்பாக்ஸ். பெரிய அறைக்கான, பாடும்படியான டிராக்குகள் அங்கே. டேவ் லீயின் இசட் ரெக்கார்ட்ஸ், பழைய டிஸ்கோவை முறையாக உரிமை பெற்று மறுகலவை செய்வதில் கைதேர்ந்தது. புரூக்ளினின் ரேசர்-என்-டேப் எடிட்டுகளுக்குப் பேர்போனது. பெர்லினின் டாய் டானிக்ஸ், வாத்தியங்கள் கலந்த துள்ளலான ஹவுஸ் தருகிறது. ஆம்ஸ்டர்டாமின் ஹைஸ்ட், ஸ்டாக்ஹோமின் லோக்கல் டாக் இரண்டும் ஆழமான, கொஞ்சம் கரடான ஹவுஸுக்கு. நியூயார்க்கின் ஸ்ட்ரிக்ட்லி ரிதம் 1989-லிருந்தும் நெர்வஸ் 1991-லிருந்தும் இருக்கின்றன. அவற்றின் பழைய பட்டியலே ஒரு பள்ளிக்கூடம், புது ரீமிக்ஸ்களும் வந்துகொண்டிருக்கின்றன.

பத்துப் பன்னிரண்டு லேபிள்கள் போதும். அதோடு, உங்களுக்குப் பிடித்த டிராக்குகளில் ரீமிக்ஸ் செய்தவர், பாஸ் வாசித்தவர், மாஸ்டரிங் (இறுதி ஒலிச் சீரமைப்பு) செய்தவர் பெயர்களைக் குறித்து வையுங்கள். ஒரே கீபோர்டுக்காரர் மூன்று வெவ்வேறு லேபிள்களில் தலைகாட்டுவது தெரியவரும்போது தேடல் பாதியாகச் சுருங்கும். பெரிய கடைகள் இந்தப் பெயர்களை முழுதாகப் போடுவதில்லை. பேண்ட்கேம்ப் குறிப்புகளிலும் டிஸ்காக்ஸிலும் கிடைக்கும்.

டிஜேக்களுக்கு முன்கூட்டியே இலவசமாக டிராக் அனுப்பும் வழக்கமும் பழையதுதான். 1975-இல் நியூயார்க்கில் டேவிட் மன்குசோவும் நண்பர்களும் சேர்ந்து முதல் ரெக்கார்ட் பூலை அமைத்தார்கள்: லேபிள்கள் தட்டுகளை ஒரே இடத்தில் கொடுத்துவிடும், உறுப்பினரான டிஜேக்கள் வாங்கிக்கொண்டு கூட்டம் எப்படி ஏற்றுக்கொண்டது என்று எழுதிக் கொடுப்பார்கள். இன்று இன்ஃப்ளைட் போன்ற சேவைகள் வழியே அதுவே மின்னஞ்சலில் நடக்கிறது. உங்களுக்கு அப்படி வந்தால், போடாத டிராக்குக்கு 'அருமை, கட்டாயம் போடுவேன்' என்று எழுதாதீர்கள். லேபிள் நடத்துபவர் அதை நம்பித்தான் அடுத்த ரீமிக்ஸுக்குப் பணம் செலவிடுகிறார்.

படி 4: முதல் வடிகட்டல், டிராக்குக்கு அரை நிமிடம்

இங்கே இரக்கம் காட்டக் கூடாது. ஒலியைக் குறைவாக வைத்துக் கேளுங்கள். சத்தமாக வைத்தால் எல்லாமே நன்றாக இருக்கும். மாஸ்டரிங் செய்தவரின் நோக்கமும் அதுதான்.

தொடக்கத்திலிருந்து கேட்காதீர்கள். ஹவுஸ் டிராக்கின் முதல் அரை நிமிடம் மிக்ஸ் செய்வதற்கான வெறும் தாளம். அதைக் கேட்டு முடிவெடுப்பது நேர விரயம். நேராக நடுவுக்குப் போங்கள், அலை வடிவத்தில் மிக அடர்த்தியாகத் தெரியும் இடத்துக்கு. பத்து விநாடி. பாஸ் வரியை வாயால் முனக முடிகிறதா? டிஸ்கோவிலும் அதன் வழிவந்த ஹவுஸிலும் இதுவே முதல் சோதனை. முனக முடியாத பாஸ், அறையில் வெறும் அதிர்வாகத்தான் கேட்கும். அடுத்து, அந்த அடர்த்திக்குச் சற்று முன் வரும் பிரேக்குக்குத் தாவுங்கள். கிக் நின்ற பிறகு என்ன மிஞ்சுகிறது? குரலோ கிட்டாரோ ஒரு நல்ல கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) வரிசையோ மிஞ்சினால் டிராக்குக்கு எலும்பு இருக்கிறது. வெள்ளை இரைச்சல் மேலேறுவதும் ஸ்னேர் உருள்வதும் மட்டும்தான் என்றால் அடுத்ததற்குப் போய்விடுங்கள். கடைசியாக முடிவு: வெளியேற இடம் விட்டிருக்கிறார்களா, குரல் பாடிக்கொண்டே மங்கி முடிகிறதா?

மூன்றிலும் தேறியவை வாரத்தில் இருபதுக்கு மேல் போனால் உங்கள் அளவுகோல் தளர்ந்திருக்கிறது.

படி 5: ஒரு நாள் கழித்து இரண்டாம் முறை

தேறியவற்றை உடனே வாங்காமல் கூடையில் விடுங்கள். மறுநாள் கூடையைத் திறக்கும் முன், எந்த டிராக் நினைவில் நிற்கிறது என்று யோசியுங்கள். நினைவுக்கே வராதவற்றை மீண்டும் கேட்க வேண்டாம், நீக்கிவிடுங்கள்.

மிஞ்சியவற்றை இப்போது முழுதாக, ஹெட்போனில், தொடக்கத்திலிருந்து கேளுங்கள். கூடவே ஒரு முறை மோனோவிலும். பல கிளப்களில் ஒலி அமைப்பு மோனோவில்தான் ஓடுகிறது. ஸ்டீரியோவில் அகலமாக விரிந்து கிடந்த நரம்பிசையும் கோரஸும், இடது வலது அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் மோனோவில் காணாமல் போவதுண்டு. பல டிஜே மிக்ஸர்களிலும் இலவச ஒலிச் செயலிகளிலும் மோனோ பொத்தான் இருக்கிறது. வயலின்களை நம்பி வாங்கிய டிராக்கில் வயலின்களே வராமல் போனால் கூட்டத்திடம் யார் விளக்கம் சொல்வது?

படி 6: எந்தப் பதிப்பு, எந்தக் கோப்பு

ஒரே டிராக் நாலைந்து பெயர்களில் கிடக்கும். ரேடியோ எடிட் வேண்டாம். மூன்று நிமிடம், நுழையவும் வெளியேறவும் வழியில்லை. எக்ஸ்டெண்டட் மிக்ஸ் அல்லது கிளப் மிக்ஸ் எடுங்கள். டப் என்றிருந்தால் கண்டிப்பாகக் கேட்டுப் பாருங்கள்: குரலைத் துண்டுகளாக்கி எதிரொலியில் மிதக்கவிட்டு, பாஸுக்கும் தாளத்துக்கும் முதலிடம் கொடுக்கும் பதிப்பு அது. தொடக்க நேரத்துக்குப் பாடலைவிட டப் பல மடங்கு பயன்படும், அதே இரவில் பின்னர் முழுப்பாடலைப் போட்டால் கூட்டத்துக்கு ஏற்கெனவே பழகிய பாட்டாக இருக்கும். இன்ஸ்ட்ருமென்டலும் (குரலற்றது) அகப்பெல்லாவும் (குரல் மட்டும்) சேர்ந்து கிடைத்தால் விலை அனுமதிக்கும் வரை எடுத்துக்கொள்ளுங்கள்.

கோப்பு வகையில் சண்டை போடுபவர்கள் நிறைய. என் முடிவு சுருக்கமானது. 320 கேபிபிஎஸ் எம்பி3 பெரும்பாலான அறைகளுக்குப் போதும். ஆனால் வேகத்தை மாற்றி, கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் பிடிக்கும் வசதி) போட்டு, எஃபெக்ட் சேர்க்கும்போது சுருக்கப்படாத கோப்பு நன்றாகத் தாங்குகிறது. ஏஐஎஃப்எஃப் எடுங்கள்: வேவ் கோப்பின் அதே தரம், ஆனால் பெயர், படம், குறிப்பு எல்லாம் கோப்புக்குள்ளேயே தங்கும். நிமிடத்துக்குப் பத்து எம்பி இடம் பிடிக்கும், எம்பி3 சுமார் 2.4 எம்பி. பேண்ட்கேம்ப்பில் ஒரே விலைக்கு எந்த வகையும் இறக்கலாம், மற்ற கடைகளில் சுருக்கப்படாததற்குக் கூடுதல் கட்டணம் இருக்கும்.

ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய கோப்பு வகை) விஷயத்தில் எச்சரிக்கை. 2009-இல் வந்த சிடிஜே-2000 என்ற டிஜே பிளேயர், அதையடுத்து வந்த நெக்ஸஸ் இரண்டிலும் ஃபிளாக் ஓடாது. 2016-இன் என்எக்ஸ்எஸ்2 முதல்தான் ஓடும். இன்னும் எத்தனையோ கிளப்களில் பழைய கருவிகள்தான். 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளும் அந்தப் பழைய கருவிகளில் திறக்காது. 44.1 கிலோஹெர்ட்ஸ், ஏஐஎஃப்எஃப், ஃபேட்32 வடிவில் தயார் செய்த யுஎஸ்பி என்று வைத்துக்கொண்டால் எங்கும் சிக்கல் வராது. யுஎஸ்பி இரண்டு. ஒன்று எப்போதும் பையில்.

எங்கிருந்தோ வந்த 'வேவ்' உண்மையில் எம்பி3-யிலிருந்து மாற்றியதா என்று சந்தேகம் வந்தால் ஸ்பெக் என்ற இலவசச் செயலியில் திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் படம் நின்றால் அது அநேகமாக 128 கேபிபிஎஸ் சரக்கு.

படி 7: தயார்ப்படுத்தல்

டிஸ்கோவையும் ஹவுஸையும் ஒரே யுஎஸ்பியில் வைத்திருப்பவர் அதிகம் மல்லாடுவது இங்கேதான். ஹவுஸ் டிராக் கணினியில் உருவானது. 122 பிபிஎம் என்றால் முதல் பீட் முதல் கடைசி பீட் வரை 122. அதில் பதினாறு பார் தொடக்கம், அதாவது 64 பீட், 31.5 விநாடி ஓடும், ஒவ்வொரு முறையும். 1970-களின் டிஸ்கோவில் டிரம்ஸ் வாசித்தவர் மனிதர். கோரஸ் வரும்போது உற்சாகத்தில் சற்று முந்துவார், அடுத்த வரிக்குத் திரும்பும்போது தளருவார்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று ஓர் எடுத்துக்காட்டு. பாட்டின் தொடக்கம் 118.2 பிபிஎம், கோரஸில் 119.6 என்று வையுங்கள். திரையில் பார்த்தால் அற்ப வித்தியாசம். 118.2 வேகத்தில் 64 பீட் ஓட 32.49 விநாடி ஆகும், 119.6-இல் 32.11 விநாடி. பதினாறு பாருக்குள் 0.38 விநாடி இடைவெளி விழுகிறது. ஒரு பீட்டின் நீளமே அரை விநாடிதான். முக்கால் பீட் விலகிப்போனது. மென்பொருள் தானாக வரையும் பீட் கட்டத்தை நம்பி, வேகங்களைத் தானே பொருத்தும் சிங்க் பொத்தானை அழுத்தியவர் இந்த இடத்தில், இரண்டு கிக்குகள் மோதி எழும் குதிரை ஓடும் சத்தத்தைக் கூட்டத்துக்குப் போட்டுக் காட்டுகிறார்.

செய்ய வேண்டியது: பழைய பதிவு, நேரடி வாசிப்பு உள்ள டிராக் எல்லாவற்றையும் ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளில் டைனமிக் பகுப்பாய்வில் விடுங்கள். அது கட்டத்தைப் பாட்டோடு சேர்த்து வளைக்கப் பார்க்கும். பிறகு கண்ணால் சரிபாருங்கள். தொடக்கம், முதல் கோரஸ், பிரேக்குக்குப் பின், முடிவு என நான்கு இடங்களில் கட்டக் கோடு கிக்கின் விளிம்பில் உட்காருகிறதா? இல்லையென்றால் அந்த இடத்திலிருந்து கட்டத்தை நகர்த்துங்கள். அதிகம் தடுமாறும் பாட்டுகளுக்கு 'கையால் மட்டும்' என்று குறிப்பு எழுதி, சிங்க்கைத் தொடாமல் ஜாக் சக்கரத்தால் ஓட்டுங்கள். நல்ல எடிட்டுகளுக்கு நாம் பணம் கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் இதுவே: இந்த வேலையை ஒருவர் முன்பே செய்து வைத்திருக்கிறார்.

க்யூ புள்ளிகள் (ஒரே அழுத்தில் தாவக் குறித்து வைக்கும் இடங்கள்) நான்கு போதும்: முதல் பீட், பாஸ் நுழையும் இடம், பிரேக், வெளியேறும் இடம். வண்ணங்களை எல்லா டிராக்கிலும் ஒரே ஒழுங்கில் வையுங்கள்.

பாட்டின் கீக்கு (எந்த ஸ்கேலில் அமைந்தது என்பதற்கு), ஒத்துப்போகும் ஸ்கேல்களை அடுத்தடுத்த எண்களாக அடுக்கிய கேம்லாட் சக்கரத்தின் எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். 8ஏ என்றால் ஏ மைனர், 8பி என்றால் சி மேஜர், பக்கத்து எண்கள் ஒத்துப்போகும். டிஸ்கோவில் இது முக்கியம், ஏனென்றால் பாடல் முழுக்கக் கார்டுகள் நகர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு பாட்டுகளின் மெட்டுகள் மோதினால் இசை தெரியாதவருக்கும் முகம் சுளிக்கும். ஆனால் மென்பொருள் சொல்லும் எண்ணைக் காதால் உறுதி செய்யுங்கள். பழைய நாடாக்கள் சரியான சுருதியில் நிற்பதில்லை, இரண்டு ஸ்வரங்களுக்கு இடையே தொங்கும். கீ லாக் இல்லாமல் வேகத்தை ஆறு சதவீதம் மாற்றினால் சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரம் நகர்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

ஒலி அளவு. பழைய டிஸ்கோ பதிவுகள் இன்றைய ஹவுஸைவிடக் கணிசமாகத் தணிவாக ஒலிக்கும். டிரிம் குமிழால் ஏற்றுங்கள், ஆனால் மீட்டரைப் பார்த்து. சிவப்பில் ஓட்டினால் ஒலி பெருகாது, கரகரக்கும்.

படி 8: தனியாக வைக்காமல் ஜோடியாகப் பழகுங்கள்

புது டிராக் ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே உங்களிடம் உள்ள இரண்டு டிராக்குகளைக் கண்டுபிடியுங்கள்: முன்னால் போட ஒன்று, பின்னால் போட ஒன்று. கிடைக்கவில்லையென்றால் டிராக் அழகாக இருந்தும் உங்கள் பெட்டிக்கு அது அந்நியம்.

எல்லாவற்றையும்விடக் கடினம் ஹவுஸிலிருந்து பழைய டிஸ்கோவுக்குத் தாவுவது. ஹவுஸ் கிக், டிஆர்-909 டிரம் மெஷினின் வழிவந்தது. அடியில் 50, 60 ஹெர்ட்ஸில் அறையைத் தாங்கி நிற்கும். டிஸ்கோ கிக் போர்வையால் மூடிய டிரம்மில் வாசித்தது, வறண்டது, சிறியது. நேரடியாக மாற்றினால் காலடியில் இருந்த தரை காணாமல் போனதைப் போலக் கூட்டம் உணரும். இரண்டு வழிகள் உண்டு. கிக் சேர்த்த எடிட் ஒன்றை நடுவில் பாலமாக வைக்கலாம். காது மெல்ல டிஸ்கோ ஒலிக்குப் பழகிய பின் மூலப் பாட்டைக் கொண்டுவருவது எளிது. அல்லது ஹவுஸ் டிராக்கின் பிரேக்கில், கிக் இல்லாத நேரத்தில், டிஸ்கோவின் தொடக்கத்தை உள்ளே விடலாம். சில விநாடிகள் அடி ஒலியே இல்லாமல் கேட்ட காதுக்கு எந்தக் கிக்கும் பெரியதாகத்தான் இருக்கும். நான் இரண்டாவதையே அதிகம் விரும்புகிறேன், தவறினால் பட்டவர்த்தனமாகத் தெரியும் என்றாலும்.

இரண்டு பாஸ் வரிகள் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது. டிஸ்கோவில் பாஸ் கிட்டார் பாடகருக்குச் சமமாகப் பேசும். ஒன்றின் லோ (அடி ஒலி) குமிழைக் குறைத்த பிறகே மற்றதைத் திறவுங்கள். இந்த மாற்றத்தை இசைப் பத்தியின் முதல் பீட்டில், அதாவது முந்தைய 32 பீட் முடியும் இடத்தில் செய்யுங்கள். பாதியில் செய்தால் சரியான வேகத்திலும் பிசகாகக் கேட்கும்.

படி 9: இரவிலும் மறுநாளும்

புது டிராக்கை எப்போதும் கூட்டம் நம்பிய ஒரு பாட்டுக்கு அடுத்து வையுங்கள், இரண்டு புதியவற்றை அடுத்தடுத்து வைக்காதீர்கள். முதல் நிமிடத்தில் திரையைப் பார்க்காமல் தளத்தின் ஓரத்தைப் பாருங்கள். நடுவில் ஆடுபவர்கள் எதற்கும் ஆடுவார்கள்; ஓரத்தில் கோப்பையோடு நிற்பவரின் தலை ஆடுகிறதா என்பதில்தான் தகவல் இருக்கிறது.

ஒரு முறை எடுபடாததை உடனே தூக்கி எறியாதீர்கள், வேறு நேரத்தில் போட்டுப் பாருங்கள். இரண்டாம் முறையும் விழுந்தால் யுஎஸ்பியிலிருந்து நீக்குங்கள். கருவி சேமித்து வைக்கும் ஹிஸ்டரி பட்டியலை மறுநாள் எடுத்துப் பார்த்தால், மாதக்கணக்கில் சுமந்தும் ஒரு முறைகூடப் போடாதவை தெரியவரும்; அவையும் போகட்டும்.

யுஎஸ்பியிலிருந்து நீக்கச் சொன்னேன், வட்டிலிருந்து அல்ல. உரிமைச் சிக்கலில் ஒரு டிராக் கடையிலிருந்து அகற்றப்பட்டால், வாங்கியவர்களும் மீண்டும் இறக்க முடியாமல் போகலாம். டிஸ்கோ எடிட்டுகளில் இது அடிக்கடி நடக்கிறது. வாங்கிய அன்றே கோப்பை இரண்டு வட்டுகளில் நகலெடுத்து, ரசீது மின்னஞ்சலைத் தனிக் கோப்புறையில் போட்டு வையுங்கள்.